கன்று வீசிய மாடு நன்றாகத்தானே இருக்கிறது?

12.08.2024, உசிலம்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. பத்தே நாளில் தீவனம் எடுக்கத் தொடங்கிவிட்டது; கண் தெளிவாக இருக்கிறது, மூக்கு ஈரமாக இருக்கிறது, இரண்டு வேளையும் சேர்த்து நான்கு லிட்டர் கறக்கிறது. கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நோய் இருக்கிறது என்கிறார். நன்றாகத் தின்னும் மாட்டுக்கு நோய் எப்படி இருக்கும்? ஊசி போட்டுக் காசு பார்ப்பதற்காகச் சொல்கிறாரோ?

12.08.2024, இரவு

இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதுவும் முப்பது ஆண்டுகள் மாடு வளர்த்த பிறகு. எனவே கேட்டதில் தவறில்லை. மருத்துவர் மீதுள்ள சந்தேகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த நோயைக் குணப்படுத்தும் ஊசி மாட்டுக்குக் கிடையாது. அவர் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

கன்று வீச்சு நோய், புருசெல்லோசிஸ் என்று சொல்வது இதைத்தான். கிருமி சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் போய்ப் பெருகுகிறது. அங்கே எரித்ரிட்டால் என்றொரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அது இந்தக் கிருமிக்குப் பிடித்த தீனி. ஐந்தாம் மாதத்துக்கு மேல் கன்று விழுந்துவிடும். பிறகு மாடு தேறிவிடும், பெரும்பாலும் அடுத்த ஈற்றில் நிறைமாதக் கன்றையே போடும். அதனால் நோய் போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர் நெறிகளிலும் தங்கியிருந்து பாலில் வந்துகொண்டிருக்கும். அடுத்தடுத்து ஈனும்போதெல்லாம் பனிக்குட நீரிலும் நஞ்சிலும் கோடிக்கணக்கில் வெளியேறும். மூக்கு ஈரமாக இருப்பது மாடு சுகமாக இருப்பதற்கு அடையாளம்தான், நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்பதற்கு அல்ல. அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) எலிக்காய்ச்சலும்கூட இந்த வகையைச் சேர்ந்தவையே.

13.08.2024

எனக்கு இந்த நோய் வந்த கதையை எழுதச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். 2023 புரட்டாசியில் எங்கள் ஜெர்சிக் கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து, ஏழு மாதச் சினையில் கன்று வீசியது. நஞ்சு விழவில்லை. கால்நடை மருந்தகம் விடுமுறை, இரண்டாம் நாள் நாற்றம் எடுக்கத் தொடங்கியதும், என் தகப்பனார் செய்ததைப் பார்த்திருந்த தைரியத்தில், கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நானே உள்ளே விட்டு எடுத்தேன். முதல் நாள்தான் வேலியில் கருவேல முள் கிழித்து மணிக்கட்டில் இரண்டு கோடு போட்டிருந்தது. அது அப்போது என் நினைவிலேயே இல்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. பகலில் ஒன்றும் இருக்காது, தோட்டத்துக்குப் போய் வருவேன். மாலை ஆறு மணிக்குக் குளிர் பிடிக்கும், நள்ளிரவில் வேட்டியைப் பிழியலாம் என்கிற அளவுக்கு வேர்க்கும். நான்கு நாள் காயும், ஒரு வாரம் விடும், மறுபடியும் காயும். நகரத்தில் ஒரு மருத்துவர் டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார். மருந்து சாப்பிடும் வாரத்தில் குறைந்தது, பிறகு திரும்பியது. தை மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது, திண்ணையிலிருந்து எழுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம் என்றார்கள். அந்த நான்கு மாதத்தில் நான் பார்த்த எந்த மருத்துவரும் என் தொழிலைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் மாட்டைப் பற்றி என்ன பேசுவது? பங்குனித் தொடக்கத்தில் ஒரு பயிற்சி மருத்துவர், என் மகளைவிட இளையவர், அட்டையை எழுதிக்கொண்டே "வீட்டில் ஆடு, மாடு உண்டா ஐயா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "சமீபத்தில் கன்று ஏதாவது செத்துப் பிறந்ததா?" என்றார். அன்று எடுத்த இரத்தத்தில் தெரிந்துவிட்டது.

மருந்து ஆறு வாரம், இரண்டு வகை: டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும். கிருமி நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் ஒற்றை மருந்தும் குறைந்த நாளும் போதாது, இடையில் நிறுத்தினால் திரும்ப வரும் என்று எழுதியே கொடுத்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று எனக்கு ஐந்தாம் வாரம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும் என்பதால் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.

14.08.2024

சிறுநீர் செந்நிறமாகப் போகும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது ரிஃபாம்பிசின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. முதல் நாள் நான் உயில் எழுதுவதைப் பற்றி யோசித்தேன். மற்ற மாத்திரையைப் பாலுடன் விழுங்கக் கூடாதென்றார்கள், பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மாடு என்னை மருந்திலும் விடவில்லை.

17.08.2024

திருத்தம். முதல் நாள் அடைப்பானை இதே வகை என்று எழுதியது பிழை. கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அடைப்பான் வந்த மாடு நோயை மறைத்துக்கொண்டு உலவாது. காலையில் தின்ற மாடு மாலையில் செத்துக் கிடக்கும், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வழியும். அங்கே நோயைச் சுமப்பது மண். உடலை அறுத்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆகவே அப்படிச் செத்த மாட்டைக் கத்தியால் தொடவே கூடாது. இது வேறு பேச்சு, இத்துடன் விடுகிறேன்.

எலிக்காய்ச்சலைச் சேர்த்தது சரிதான், பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. எலி மட்டுமல்ல, மாடும் அந்தக் கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு பல மாதங்கள் சிறுநீரில் விட்டுக்கொண்டிருக்கும். அதற்கென்று மாட்டில் நிலைபெற்ற வகையே உண்டு, ஹார்ட்ஜோ என்பது பெயர். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசன வயலில் வெடித்த காலோடு நடவுக்கு இறங்குகிறவர்களுக்கும், மழைக்காலத்தில் தொழுவச் சேற்றை வெறுங்காலால் மிதிக்கிறவர்களுக்கும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் மாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலி ஒன்றுதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

21.08.2024

"நாங்கள் பச்சைப்பால் குடித்தே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன வந்தது?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பதிலுக்கு மால்டாவின் கதை ஒன்று போதும்.

மத்தியதரைக் கடலில் உள்ள அந்தத் தீவில் ஆங்கிலேயப் படைவீரர்கள் நீண்ட காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். நோய் இன்று அவர் பெயரைத்தான் சுமக்கிறது. கிருமி கிடைத்தும் அது எங்கிருந்து வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் தெரியவில்லை. கொசுவைச் சந்தேகித்தார்கள், சாக்கடையைச் சந்தேகித்தார்கள், தூசியைச் சந்தேகித்தார்கள். ஆட்டை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் ஆடு கொழுகொழுவென்று இருந்தது. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதி ஆடுகளில் நோயின் தடயம் இருந்தது, பத்தில் ஒன்று பாலில் கிருமியை விட்டுக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மால்டாவில் ஆடு வாங்கி அமெரிக்காவுக்குப் போன ஒரு கப்பலில், வழியில் அந்தப் பாலைக் குடித்த மாலுமிகள் காய்ச்சலில் விழுந்தார்கள். அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், படையில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

அந்த ஊரில் ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கண் முன்னால் கறந்து கொடுப்பார்களாம். எனக்கு உடனே என் சித்தி வீடு நினைவுக்கு வந்தது. கீழமாசி வீதிக்குப் பின்புறச் சந்தில் பால்காரர் அதிகாலையில் மாட்டைக் கொண்டுவந்து படியருகே நிறுத்துவார். சித்தி செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி, தண்ணீர் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கறக்க விடுவார். அவர்கள் பயந்ததெல்லாம் தண்ணீருக்குத்தான். ஆனால் சித்தி அந்தப் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யார் வாயிலும் விட்டதில்லை. பச்சைப்பால் குடித்தே வளர்ந்தோம் என்பவர்கள் தங்கள் வீட்டு அடுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். நம் வீடுகளில் தயிர்கூடக் காய்ச்சிய பாலில்தான் உறை ஊற்றுவார்கள்.

கறந்த சூட்டோடு குடித்தால் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்தச் சூடு மாட்டின் உடம்புச் சூடு, முப்பத்தெட்டு முப்பத்தொன்பது டிகிரி. கிருமி பிறந்து வளர்ந்த சூடே அதுதான். அது சாக வேண்டுமானால் 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் பதினைந்து விநாடி வேண்டும். ஒரு முறை பொங்கினால் இரண்டையும் தாண்டிவிடும்.

22.08.2024

புரூஸ் கிருமியை எடுத்தது மண்ணீரலில் என்று எழுதும்போதே இடித்தது, இன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சோகை பிடித்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். அது ஆட்டின் மண்ணீரல்தான். தணலில் வாட்டி, உள்ளே சிவப்பு இருக்கும்போதே சாப்பிட்டால்தான் இரத்தம் ஊறும் என்பார்கள். சாப்பிடுங்கள், ஆனால் உள்வரைக்கும் வேகட்டும்.

30.08.2024

நஞ்சுக்கொடியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு மனம்.

திருமங்கலம் சாலையிலோ பேரையூர்ப் பக்கமோ ஆலமரத்தைக் கடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: கிளைகளில் சாக்குப் பொட்டலங்கள் தொங்கும், சிலது பழையது, சிலது இன்னும் சொட்டும். மாடு ஈன்றவுடன் நஞ்சை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டால், பால் வடியும் மரம்போல மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. என் தகப்பனார் கட்டியிருக்கிறார், நானும் எத்தனையோ கட்டியிருக்கிறேன். இன்று அந்தப் பொட்டலங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. நோயுள்ள மாட்டின் உடம்பில் கிருமி மிக அதிகமாக இருக்கும் பொருள் அது. அதைத்தான் நாம் பேருந்து நிறுத்தத்து நிழலில், பிள்ளைகள் விழுதில் ஊஞ்சலாடும் இடத்தில், வெயில் படாமல் தொங்கவிடுகிறோம். நேர் வெயிலில் சில மணி நேரத்தில் சாகிற கிருமி நிழலிலும் ஈரத்திலும் பல நாள் கிடக்கும்.

ஆழக் குழி, சுண்ணாம்பு, மேலே மண், அதற்கு மேலே முள். கையில் உறை, உறை இல்லையென்றால் முழங்கை வரைக்கும் பாலித்தீன் பையாவது.

03.09.2024

மேலூர் நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார்: மரத்தில் கட்டாத வீடுகளில் நஞ்சைக் குப்பை மேட்டில் எறிகிறார்கள், நாய் ஊரெல்லாம் இழுத்துப்போகிறது, எது மோசம் என்று கேட்கிறார். நியாயம். நாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டு என்று சொன்ன முன்னோருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. நாய் கவ்விப் போட்ட துணுக்கை அடுத்த வீட்டுச் சினை மாடு நக்கினாலே போதும். மரத்தைத் திட்டிய அளவுக்குக் குப்பை மேட்டை நான் திட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழி இரண்டையும்விட மேல்.

அவரே கிடை ஆடுகளைப் பற்றியும் கேட்டார். அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் கீதாரிகளைப் பார்த்திருக்கிறேன், ஒரே இரவில் ஏழெட்டுக் குட்டிகளை வெறுங்கையால் இழுத்து, வாயில் உள்ள சளியைத் துடைத்துவிட்டு, அதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலை மடிப்பார்கள். ஆட்டில் உள்ள மெலிடென்சிஸ் என்ற வகை மாட்டு வகையைவிட மனிதனைக் கடுமையாகத் தாக்கும். கியூ காய்ச்சல் என்று இன்னொன்று, அதன் கிருமி காய்ந்தும் சாகாது, காற்றிலேயே வரும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து கிளம்பி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்க வைத்தது. அங்கே கணக்கு எடுத்தார்கள். நம் கீதாரிக்குக் காய்ச்சல் வந்தால் அவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

08.09.2024

"உங்கள் மாடு இப்போது எங்கே?" என்று ஒருவர் ஆகஸ்டு 15-ஆம் தேதியே கேட்டிருக்கிறார். நான் அதைப் பார்க்காமல் இல்லை.

விற்றுவிட்டேன். கன்று வீசி மூன்றாவது வாரத்தில், எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பு, சந்தையில். வாங்கியவர் சுழி பார்த்தார், பல் பார்த்தார், மடியைத் தடவிப் பார்த்தார். எதற்காக விற்கிறீர்கள் என்று கேட்டார். தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றேன். அது பொய்யும் அல்ல. தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்தார், விலை முடிந்தது. கன்று வீசிய மாட்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, தள்ளிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எங்கே தள்ளுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. இந்த நோய் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் அப்படித்தான், என்னைப் போன்றவர்களின் கையால், ஐந்நூறு ரூபாய் தரகுக்கு.

அப்போது தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். பங்குனியில் தெரிந்தது. இன்று ஆவணி 23. இடையில் உள்ள மாதங்களுக்கு என்னிடம் காரணம் இல்லை. மேலே வந்து உங்களுக்கெல்லாம் மால்டாக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

15.09.2024

மாட்டின் காது வில்லையில் உள்ள பன்னிரண்டு இலக்க எண் என் காப்பீட்டுத் தாளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். கணினியில் போட்டுப் பார்த்தார்கள். மாடு இன்றைக்கும் என் பெயரில், என் தொழுவத்தில் இருக்கிறது. விற்றவர் மாற்றி எழுதச் சொல்லவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை.

காத்திருந்தபோது தடுப்பூசி பற்றி விசாரித்தேன், இங்கே மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. காளைக் கன்றுக்குப் போட மாட்டார்கள், சினை மாட்டுக்குப் போட்டால் மருந்தே கன்று வீச வைத்துவிடலாம். கோமாரிக்கும் கன்று வீச்சுக்குமாகச் சேர்த்து 2019 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் இது இலவசம். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த மருந்து என்பதால் போடுகிறவர் கையில் குத்திவிட்டால் அவருக்கே நோய் வரக்கூடும். ஊசி போட வருகிறவர் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டால் கேலி செய்யாதீர்கள். என் மாடு கன்றாக இருந்தபோது வில்லை போட வந்தவர்கள் இந்த ஊசியையும் கேட்டார்கள், நான் கன்று பயந்துவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

19.09.2024

தரகரைச் சந்தையில் பிடித்தேன். விற்று முடிந்த மாட்டுக்கு வழக்கா என்று சிரித்தார். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்.

வாங்கியவர் கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம். பெயரைச் சொன்னதும், "அண்ணே, நல்ல மாட்டக் குடுத்தீக, எட்டு மாசச் சினை" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் எதிர்முனையில் மாட்டின் கழுத்து மணிதான் கேட்டது. பிறகு, "அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார். அதற்குப் பிறகு, "பணத்தத் திருப்பித் தருவீகளா?" என்றார். தருகிறேன் என்றேன், எதிலிருந்து என்று தெரியாமலே.

25.09.2024

மாட்டை நானே திருப்பி வாங்கிக்கொள்வதாக இருந்தேன். மருத்துவர் வேண்டாம் என்றார். நிறைமாதச் சினையை வண்டியில் ஏற்றினால் வழியிலேயே ஈனலாம், போகிற ஊரிலெல்லாம் சிந்தும். இருக்கும் இடத்திலேயே மற்ற மாடுகளிலிருந்து பிரித்துக் கட்டி, ஈனும் இடத்தை முன்பே ஏற்பாடு செய்வதுதான் சரி. இரத்தம் எடுத்தார்கள், நோய் உறுதி. அந்த வீட்டில் இன்னும் இரண்டு மாடுகள், அவற்றில் இல்லை. வீட்டில் ஐந்து பேர். அனைவரையும் பரிசோதனைக்கு அனுப்பினேன், யாருக்கும் இல்லை. அவர்களும் பாலைப் பொங்கவிட்டுத்தான் குடிக்கிறார்கள்.

உசிலம்பட்டி வாசகர் தம் மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை என்று எழுதியிருக்கிறார். பார்த்தேன்.

21.10.2024

முந்தாநாள் இரவு ஈன்றது. கிடேரிக் கன்று, திடமாக எழுந்து நின்றது. பார்த்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

குழியை நான்கு நாள் முன்பே வெட்டி வைத்திருந்தோம். நல்ல வேளையாக நஞ்சு ஐந்து மணி நேரத்தில் தானே விழுந்தது. அவரும் நானும் கையுறையும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு, நனைந்த வைக்கோலையும் சேர்த்து வாரிப் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். தொழுவத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினோம். சீம்பாலையும் வீட்டில் யாரும் பச்சையாகத் தொடவில்லை. வெல்லம் போட்டு நன்றாக வேகவைத்துத்தான் கிண்டினார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். பணத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். கன்றுக்கு நான்காம் மாதம் ஊசிக்குச் சொல்லியாயிற்று, பெரிதான பிறகு இரத்தப் பரிசோதனை தனியாக வேண்டும் என்றார் மருத்துவர். நோயுள்ள தாயின் கன்று பல காலம் எதையும் காட்டாமல் வைத்திருக்கக்கூடுமாம்.

அவருடைய தாயாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மரத்தில் கட்டாத மாட்டுக்குப் பால் நிற்காது என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காலையில் பேருந்துக்கு நின்றபோது அவர் கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் பேரனைத் தோளில் ஏற்றி ஒரு சாக்குப் பொட்டலத்தைக் கட்ட வைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். காய்ந்த வைக்கோல்தான் இருந்தது.

நானே மறுபடியும் கட்டிக் கொடுத்தேன்.